குரலில் உணர்ச்சி அறியும் ஆய்வுக்கு ஒலிப்பதிவு: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

கோபமாகப் பேசிய பதிவைக் கேட்டுவிட்டு ஆட்கள் "பயம்" என்று குறிக்கிறார்கள், பயத்தைச் சோகம் என்கிறார்கள் என்றால், உடனே கேட்டவர்கள் மேல் பழியைப் போட வேண்டாம். அறை, மைக், கெயின் (மைக் ஒலியை எவ்வளவு பெரிதாக்குவது என்ற அளவு), வாக்கியம், பேசியவர், ஃபைலை வெட்டிய இடம், விடை சொல்ல அழுத்தும் பட்டனில் எழுதிய உணர்ச்சிச் சொல் என்று கேட்பவருக்கு முன்னால் ஏழு இடங்கள் இருக்கின்றன. கோளாறு பெரும்பாலும் அவற்றில் ஒன்றில்தான் ஒளிந்திருக்கும்.

இத்துறையில் அதிகம் பயன்படும் பெர்லின் தொகுப்பு என்ற ஜெர்மன் மொழி உணர்ச்சிப் பேச்சுத் தொகுப்பு, 10 நடிகர்களை எதிரொலியே இல்லாத ஆய்வக அறையில் பேசவைத்துப் பதிவு செய்தது. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ பதிவு செய்பவருக்குக் கிடைப்பது கல்லூரி வகுப்பறை, அல்லது தளம் போட்ட வீட்டில் ஓர் உள்ளறை. அதை வைத்தே நல்ல பதிவு எடுக்கலாம். கோளாறு எப்படித் தென்படுகிறதோ அந்த வரிசையில் கீழே எழுதியிருக்கிறோம். உங்களுக்குத் தேவையான தலைப்புக்கு நேராகப் போகலாம்.

கோபப் பதிவு மட்டும் கரகரவென்று உடைகிறது

அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சிகள் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தால் அது கிளிப்பிங், அதாவது கருவி தாங்கும் அளவைத் தாண்டி ஒலி உடைந்திருக்கிறது. தட்டைப் பகுதி முழு அளவைத் தொடாமல் கொஞ்சம் கீழேயே நின்றாலும் கிளிப்பிங்தான். மைக்கிலோ, மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியிலோ உடைந்த ஒலியைப் பிறகு யாரோ குறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சீவிப்போன உச்சியை மென்பொருள் ஊகித்து நிரப்பும். பாட்டுக்கு அது போதும். குரலின் கரகரப்பே கோபத்தின் அடையாளமாக இருக்கும் ஆய்வுக்கு உதவாது. அந்த வாக்கியத்தைத் திரும்பப் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள்.

"ஹலோ, மைக் டெஸ்ட்" என்று சாதாரணக் குரலில் சொல்லவைத்துக் கெயினை வைப்பதால்தான் இது வருகிறது. பேசுபவரை அவரால் முடிந்த உச்சக் கோபத்தில் இரண்டு வாக்கியம் கத்தச் சொல்லுங்கள். அப்போது மீட்டர் (0 தான் ஒலி உடையும் எல்லை) மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை வைத்து, குமிழின் மேல் செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். அந்த நபரின் கடைசி வாக்கியம் முடியும்வரை அந்த டேப்பை யாரும் எடுக்கக் கூடாது.

சோகப் பதிவு அப்போது மீட்டரில் மைனஸ் 30, 35 என்று மிகச் சிறியதாகத் தெரியும். பதறிப்போய்க் கெயினை ஏற்ற வேண்டாம். 24 பிட்டில், 48 கிலோஹெர்ட்ஸில், வேவ் ஃபைலாகப் பதிந்தால் அந்தச் சின்ன ஒலியும் முழுமையாகவே இருக்கும். கத்தலுக்கும் முனகலுக்கும் இடையிலுள்ள இந்தச் சத்த வித்தியாசம் உணர்ச்சியின் ஒரு பாதி. உணர்ச்சிக்கு உணர்ச்சி கெயினை மாற்றினால் அந்தப் பாதி போய்விடும், பிறகு எந்தக் கணக்காலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோபம் வந்தால் மனிதர் முன்னால் சாய்வார். மைக்குக்கு 30 சென்டிமீட்டரில் இருந்த வாய் 15 சென்டிமீட்டருக்கு வந்தால், அதனால் மட்டுமே 6 டெசிபல் ஏறும். முன்பக்க ஒலியை மட்டும் அதிகமாக வாங்கும் கார்டியாய்டு மைக்காக இருந்தால் அடிக்குரலும் தடித்துவிடும். மைக் ஸ்டாண்டில் 30 சென்டிமீட்டர் நூல் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் பேசுபவர் நூலின் நுனியைத் தாடையில் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கட்டும். தலையில் மாட்டும் மைக் கிடைத்தால் நூலே தேவையில்லை. அதை வாயின் ஓரத்தில் வைக்க வேண்டும், நேர் முன்னால் வைத்தால் "ப" வரும்போதெல்லாம் காற்று மோதும்.

சோகப் பதிவின் பின்னால் "ம்ம்ம்" என்று ஏதோ கேட்கிறது

கோபப் பதிவிலும் அதே இரைச்சல் இருக்கிறது, குரல் அதை மூடிவிடுகிறது. சோகத்தில்தான் வெளியே தெரியும். விட்டுவைத்தால் கேட்பவர்கள் "இரைச்சல் கேட்டால் சோகம்" என்று தெரியாமலேயே பழகிவிடுவார்கள். முடிவுகள் பிரமாதமாக வரும், அத்தனையும் பொய்யாக இருக்கும்.

ஆள் இல்லாத அறையை ஒரு நிமிடம் பதிவு செய்து ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) பாருங்கள். 50, 100, 150 ஹெர்ட்ஸில் கோடுகள் நின்றால் மின்சாரம் காரணம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி மறுபடி பதியுங்கள், பாதி நேரம் அதிலேயே போய்விடும். பிறகு இன்வெர்ட்டர். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும் வீட்டில் 50 ஹெர்ட்ஸின் மடங்குகள் மேலே வரை வரிசையாக நிற்கும். பாதிப் பதிவில் கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டால் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் இரைச்சல் வேறாகிவிடும். ஆகவே முழுப் பதிவையும் லேப்டாப், ரெக்கார்டரின் சொந்த பேட்டரியிலேயே நடத்துங்கள். ரெகுலேட்டரைக் குறைத்த சீலிங் ஃபேனும் முனகும், அதை நிறுத்திவிடுங்கள். சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்காருவது கொடுமைதான். 10 நிமிடம் பதிவு, 5 நிமிடம் ஃபேன் என்று மாற்றி மாற்றி நடத்தினால் தாங்கும்.

கோடுகளாக இல்லாமல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மேகம்போல் பரந்திருந்தால் அது சாலை. கிருஷ்ணகிரியில் தேசிய நெடுஞ்சாலை 44-ம் 48-ம் கூடுகின்றன. ஊர் அடங்கிய பிறகும் லாரி அடங்காது. இரவு நல்லது என்று நம்பிப் போகாமல், அந்த அறையிலேயே காலை, மதியம், இரவு மூன்று வேளையும் ஒரு நிமிடம் பதிந்து ஒப்பிட்டு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். தகரக் கூரையின் கீழே ஐப்பசி, கார்த்திகையில் பதிவு வைக்க வேண்டாம்.

60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டினால் சாலையின் அடியொலி குறையும். வடிகட்டுவதானால் எல்லா ஃபைலுக்கும் ஒரே அளவில் வடிகட்டுங்கள். "நாய்ஸ் ரிடக்‌ஷன்" பட்டன் பக்கம் மட்டும் போகாதீர்கள். பயத்தில் வரும் நடுங்கும் மூச்சும் அழுகையில் வரும் மூக்குறிஞ்சலும் அதன் பார்வையில் இரைச்சல். மெலிந்த குரலில் அது அதிகமாகத் துடைக்கும், உரத்த குரலில் குறைவாக. ஒருவர் உங்களை நம்பித் தன் அழுகையை அந்த அறையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதைத் துடைத்தெடுக்க நமக்கு உரிமையில்லை.

கிணற்றுக்குள் பேசுவதுபோல் இருக்கிறது

டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், வெறுந்தளம். ஒரு முறை கைதட்டிப் பாருங்கள், "டங்" என்று வால் நீண்டால் அந்த அறை ஆகாது. கோரைப்பாய் தொங்கவிட்டுப் பயனில்லை, மெல்லியது. பஞ்சு மெத்தைகளைப் பேசுபவரின் முதுகுக்குப் பின்னாலும் இரு பக்கமும் நிறுத்துங்கள். பின்சுவரைத்தான் மைக் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஆகவே முதல் மெத்தை அங்கே. துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்தாலும் உதவும். மறுபடி கைதட்டினால் "தப்" என்று அடங்க வேண்டும்.

கிசுகிசுப்பும் கத்தலும் ஒரே சத்தத்தில் கேட்கின்றன

செல்போனில் பதிந்திருந்தால் காரணம் அதன் தானியங்கி ஒலிச்சமன். பெரியதைக் குறைக்கும், சிறியதை உயர்த்தும். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: ஒரு முறை கத்திவிட்டு ஐந்து விநாடி வாயைத் திறக்காமல் இருந்து பதியுங்கள். அந்த அமைதியில் அறையின் இரைச்சல் மெல்ல மெல்ல ஏறிவந்தால் ஒலிச்சமன் வேலை செய்கிறது. அதை அணைக்க வழியுள்ள ரெக்கார்டர் செயலி வேண்டும், இல்லையென்றால் தனி ரெக்கார்டர்தான். வாட்ஸ்அப் குரல்செய்தியாக வாங்கிச் சேர்ப்பது இந்த ஆய்வுக்கு ஆகவே ஆகாது, அதில் ஒலி சுருக்கப்பட்டே வரும்.

நல்ல கருவியில் பதிந்தும் இப்படி இருந்தால், எடிட் செய்தவர் எல்லாவற்றையும் "நார்மலைஸ்" செய்திருப்பார், அதாவது எல்லா ஃபைலின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்திருப்பார். சத்த வித்தியாசத்தை வேண்டுமென்றே நீக்கி, தொனியை மட்டும் வைத்து உணர்ச்சி தெரிகிறதா என்று சோதிக்கும் ஆய்வுகளும் உண்டு, அது நியாயமான கேள்வி. அப்படியானாலும் மூலத்தைத் தொடாமல் தனி ஃபோல்டரில் வைத்து, சமப்படுத்திய பிரதியை வேறாக வையுங்கள். சமப்படுத்தும்போது உச்சியைப் பார்க்காமல் சராசரி ஆற்றலைப் பாருங்கள். உச்சியை வைத்துச் சமப்படுத்தினால், ஒரே ஒரு "ட்ட" வெடித்த வாக்கியம் முழுவதும் அமுங்கிவிடும்.

குரலைக் கேட்காமலேயே விடை சொல்கிறார்கள்

வாக்கியம் காட்டிக்கொடுக்கிறது. "பஸ் போயிடுச்சு" என்பதில் ஏற்கனவே வருத்தம் இருக்கிறது. "அவன் வந்துட்டானே" என்பதிலுள்ள "ஏ" ஒன்றே போதும். தமிழில் ஏ, ஓ, தான், டா, -ஆ எல்லாம் குரலின் வேலையைத் தாங்களே செய்துவிடும். வினா "ஆ" வந்தால் சுருதி ஏறும், ஏறினால் ஆச்சரியம் என்று பட்டன் அழுத்துவார்கள். இவற்றை ஒட்டுமொத்தமாகத் தள்ளுங்கள்.

வாக்கியங்களை வெறும் தாளில் அச்சடித்து, பதிவைக் கேட்காத 15 பேரிடம் கொடுத்து எந்த உணர்ச்சி என்று குறிக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கம் சாயும் வாக்கியம் கழிவு. பொருளே இல்லாத போலி வாக்கியங்களைப் பயன்படுத்தும் மரபும் உண்டு. பேசுபவர் பயிற்சி பெற்றவராக இருந்தால் அது நன்றாக அமையும். முதல்முறை மைக் முன்னால் உட்காருபவருக்கு நாக்கு சிக்கி, உணர்ச்சிக்குப் பதில் தடுமாற்றம்தான் பதிவாகும்.

எங்களுக்குப் பிடித்த வாக்கியம் ஒன்று: "வாளியில நாலு மாங்கா இருந்தது." சந்தோஷம், துக்கம் எதுவும் ஒட்டாத செய்தி. அதைவிட முக்கியம், அதில் குரல் ஓரிடத்திலும் அறுவதில்லை. வ, ள, ய, ல, ந, ம, ங்க, ர, ந்த என்று எல்லாமே தொண்டை அதிர வரும் ஒலிகள். சுருதிக் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இழையாக வரும். "இருந்துச்சு" என்று மாற்றிப் பாருங்கள்: "ச்ச" வந்த இடத்தில் இழை அறுந்து பள்ளம் விழும். ஆனால் பேசுபவருக்கு "இருந்துச்சு"தான் இயல்பு என்றால் பள்ளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். செய்தி வாசிப்பதுபோல் கோபப்படுபவர் யாருமில்லை.

எல்லாம் நாடகம்போல் இருக்கிறது

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தெருக்கூத்து ஆடுபவர்கள் இருக்கிறார்கள், உணர்ச்சி என்றால் அவர்கள் நினைவு வருவது இயற்கை. அவர்கள் குரலின் வலிமை பெரிது. விடிய விடியத் திறந்தவெளியில் கடைசி வரிசைவரை கேட்கப் பழகிய குரல் அது. 30 சென்டிமீட்டரில் மைக் இருக்கும்போது அந்தக் குரலில் பயமும் கோபமும் துக்கமும் எல்லாமே உச்சத்தில் நிற்கும். அவர்களைப் பேசவைப்பதென்றால் "எதிரே ஓர் ஆள், கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்" என்று சொல்லி, உண்மையிலேயே ஓர் ஆளை உட்காரவையுங்கள்.

யாராக இருந்தாலும் "கோபமா சொல்லுங்க" என்று கட்டளையிட வேண்டாம். ஒரு சூழ்நிலையைச் சொல்லுங்கள்: "போர்வெல்லுக்குப் பணம் வாங்கிட்டுப் போனவர் மூணு மாசமா போனை எடுக்கல. இப்ப எதிர்ல வந்து நிக்கிறார்." அரை நிமிடம் விட்டு வாக்கியத்தைச் சொல்லவையுங்கள். நீங்கள் சொல்லிக்காட்டினால் எல்லாரும் உங்களையே திருப்பிச் சொல்வார்கள். பத்துப் பேர் பதிவில் ஒரே இழுப்பு, ஒரே ஏற்றம் இருந்தால் பதிவு செய்தவர் சொல்லிக்காட்டியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

கோபத்தில் இரண்டு வகை உண்டு: கொதித்துக் கத்துவது, பல்லைக் கடித்துத் தாழ்ந்த குரலில் பேசுவது. இரண்டும் ஒலியில் எதிரெதிர். எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் பதிந்தால் பாதிக் கோபம் அருவருப்பென்றும் இயல்பென்றும் குறிக்கப்படும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் குறைந்தது மூன்று முறை எடுங்கள். கத்தும் பகுதி கடைசியில் இருக்கட்டும். முதலில் கத்தவைத்தால் பிறகு வரும் சோகம் தொண்டைக்கட்டின் கரகரப்போடு வரும். மற்ற உணர்ச்சிகளின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள்.

வாக்கியத்தின் கடைசி எழுத்து காணவில்லை

அமைதியைத் தானாக வெட்டும் வசதியின் வேலை இது. தமிழ் வாக்கியம் பெரும்பாலும் குற்றியலுகரத்தில் முடிகிறது: "இருந்தது", "வந்துச்சு", "இருக்கு". இலக்கணமே அதைக் குறுகிய உகரம் என்கிறது. சோகத்தில் அது இன்னும் குறுகி, குரலே இல்லாத மூச்சாகக் கரையும். மென்பொருள் அதை அமைதி என்று நினைத்து அறுத்துவிடும். கரைந்துபோகும் அந்த முடிவில்தான் சோகம் இருக்கிறது.

ஆகவே கையால் வெட்டுங்கள். ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டி, கடைசி மூச்சு எங்கே முடிகிறது என்று கேட்டு, அதற்குப் பின் 100 மில்லிசெகண்ட் விட்டு வெட்டுங்கள். முன்னாலும் அதே அளவு. தொடக்கத்தில் 10 மில்லிசெகண்ட் ஒலியை மெல்ல ஏற்றி, முடிவில் அதேபோல் மெல்ல இறக்கினால் "டிக்" சத்தம் வராது.

சுருதி அளவு நம்பும்படி இல்லை

பேச்சொலியை அளக்கும் பிராட் (Praat) மென்பொருளில் ஆண் குரலின் சுருதி திடீரென்று இரண்டு மடங்காகவோ பாதியாகவோ குதித்தால், மென்பொருள் சுருதியைத் தேடும் எல்லை தவறு. எல்லாருக்கும் 75 முதல் 500 ஹெர்ட்ஸ் என்று விட்டுவிடுவதுதான் பழக்கம். பயத்தில் கிறீச்சிடும் பெண் குரல் 500-ஐத் தாண்டும், மென்பொருள் அதன் பாதியைக் காட்டும். முதல் சுற்றில் 60 முதல் 700 வரை அகலமாக வைத்து, அந்த நபரின் அத்தனை பதிவுகளுக்கும் சேர்த்துக் கால்மானங்களை (அளவுகளைச் சிறியதிலிருந்து வரிசையாக வைத்தால் கால்பங்கிலும் முக்கால்பங்கிலும் நிற்கும் எண்களை) எடுங்கள். கீழ்க் கால்மானத்தை 0.75-ஆல் பெருக்கினால் புதிய கீழெல்லை. மேல் கால்மானத்தை 1.5-ஆல் பெருக்கினால் மேலெல்லை, உணர்ச்சி மிகுந்த பேச்சுக்கு 2.5 வரை போகலாம். கால்மானங்கள் 180, 260 என்றால் எல்லை 135 முதல் 650 வரை.

ஆண் குரலில் சுருதி அசையாமல் 100 ஹெர்ட்ஸிலேயே நின்றால் அது குரலே இல்லை, மின்சார முனகல். மேலே இரைச்சல் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

ஆச்சரியத்துக்கு 80 விழுக்காடு சரி, ஆனால் மனசு ஒப்பவில்லை

ஒப்பாததே சரி. 20 பேர், உணர்ச்சிக்கு 10 பதிவு என்றால் ஆச்சரியத்துக்கு 200 விடைகள். அவற்றில் 160 சரி. ஆனால் "ஆச்சரியம்" பட்டன் மொத்தம் எத்தனை முறை அழுத்தப்பட்டது என்று எண்ணுங்கள். 320 என்றால், எதைக் கேட்டாலும் அதையே அழுத்தியிருக்கிறார்கள். 160-ஐ 160-ஆல் பெருக்கி, 200 பெருக்கல் 320-ஆல் வகுத்தால் 0.40 வரும். சாய்வு நீங்கிய சரிவிகிதம் அதுதான். எந்த உணர்ச்சியை எதுவாகக் கேட்டார்கள் என்ற முழு அட்டவணையையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

ஆறு பட்டன் இருக்கும்போது கண்ணை மூடி அழுத்தினாலும் ஆறில் ஒன்று சரியாகும். 20 பேரில் 7 பேர் சரியாகச் சொன்னால்தான் தற்செயல் என்று தள்ள முடியாது. நல்ல தொகுப்புக்கு அது போதாது, தற்செயலின் மூன்று மடங்கான 10 பேரையாவது எதிர்பாருங்கள். "இதில் எதுவும் இல்லை" என்று ஏழாவது பட்டனும் அவசியம். அது இல்லாவிட்டால் தெரியாதவர் எதையாவது அழுத்தியே தீர வேண்டும்.

அருவருப்பு மட்டும் விழுந்துபோனால் மனம் தளர வேண்டாம். வாக்கியக் குரலில் அதை அறிவது பல மொழிகளிலும் கடினம், "சீ", "உவ்வே" போன்ற ஒற்றை ஒலிகளில்தான் நன்றாகத் தெரியும். "அருவருப்பு" என்ற சொல்லே பலருக்குப் பாடப்புத்தகச் சொல். பட்டனில் அதன் கீழே "நாத்தம் பிடிச்சதைப் பாத்த மாதிரி" என்று ஒரு வரி சேருங்கள்.

விடைகள் சந்தேகப்படும் அளவுக்குச் சரியாக இருந்தால் ஃபைல் பெயரைப் பாருங்கள். "கோபம்_03" என்று பிளேயரின் மேல் ஓடிக்கொண்டிருக்கும். வெறும் எண்களாகப் பெயரிடுங்கள்.

ஒரே பதிவு, லேபில் ஒரு மாதிரி, வீட்டில் ஒரு மாதிரி

புளூடூத் ஹெட்செட். அதன் மைக் இயங்கினால் போன்பேச்சுத் தரத்துக்கு இறங்கிவிடும். வயர் ஹெட்போன் கொடுங்கள். சத்த அளவை ஒரு மாதிரிப் பதிவால் முதலிலேயே நிறுத்தி, நடுவில் யாரும் மாற்றாதபடி பாருங்கள்.

ஓசூரில் ஒரு முடிவு, அரூரில் ஒரு முடிவு

இதைக் கோளாறு என்று உடனே எழுதிவிட வேண்டாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, வெளியே தமிழ் பேசுபவர்கள் நிறையப் பேர். தன் மொழிக்கூட்டத்தின் குரலில் உணர்ச்சியை மனிதர் கூடுதலாக அறிகிறார் என்பது பல நாட்டு ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப வந்த முடிவு. "தாய்மொழி" என்று ஒரு கட்டம் மட்டும் கொடுத்தால் பலர் தமிழ் என்றே எழுதுவார்கள். "வீட்டில் அம்மாவோடு எந்த மொழி? சண்டை போடும்போது எந்த மொழி?" என்று கேளுங்கள். பேசியவரிடமும் அதையே கேளுங்கள். பழைய பதிவில் இந்த விவரம் இல்லையென்றால் அவர்களுக்குப் போன் போட்டு இப்போதே கேட்டுச் சேருங்கள். அதற்குப் பிறகு ஓசூர் விடைகளைத் தனியாகப் பிரித்து, மேலே சொன்ன அட்டவணையை இரண்டாகப் போட்டுப் பாருங்கள்.